பன்னிரண்டாவது ஆளைத் திரும்ப அழைத்துக்கொள்ளும்படி

சாம்பியன் ரீப்ஸ்,
கோலார் தங்கவயல்,
1904 பிப்ரவரி, திங்கட்கிழமை.

கர்த்தருக்குள் பிரியமான மைத்துனர் நேசமணி அவர்களுக்கு, தங்கள் தங்கை லூயிசாவின் கணவன் ஹரோல்ட் வந்தனத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் எல்லோரும் சுகம். வேலூரில் நீங்களும் ஐடா அக்காவும் பிள்ளைகளும் சுகமாயிருக்க வேண்டுமென்று தினமும் ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறோம். போன தடவை அனுப்பிய ஊறுகாய் தீர்ந்துவிட்டது என்று லூயிசா எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

விஷயம், ஐடா அக்காவின் தம்பி சாம்ராஜைப் பற்றியது. பையன் நன்றாக ஓடுவான், பந்து அவன் கையை விட்டுத் தவறி யாரும் பார்த்ததில்லை, எங்கள் குமாஸ்தாக்கள் கிரிக்கெட் கழகத்துக்கு உபயோகப்படுவான் என்றெல்லாம் நீங்கள் எழுதியதை நம்பி, கழகத்தின் காரியதரிசி என்ற முறையில் நானே கையெழுத்துப் போட்டு அவனைப் பன்னிரண்டாவது ஆளாகச் சேர்த்தேன். பன்னிரண்டாவது ஆள் என்றால், பதினோரு பேரில் யாருக்காவது காய்ச்சல், கல்யாணம் என்று ஏதாவது வந்தால் அன்றைக்கு மட்டும் எல்லைக்கோட்டோரம் நின்று பந்து பிடிக்க வேண்டியவன். மற்ற நாட்களில் உட்கார்ந்து கைதட்ட வேண்டியவன். ஆபீஸில் இடம் காலி இல்லாததால் சுரங்கத்துக்குள் கல் ஏற்றிய வண்டிகளை எண்ணுகிற வேலையையும் வாங்கிக் கொடுத்தேன். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ஷிப்டு முடிந்து கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் மேலே வருகிறவர்களை இங்கே சும்மா வீட்டுக்கு அனுப்ப மாட்டார்கள், தங்கக் கல் எதையாவது ஒளித்துக்கொண்டு போகிறார்களா என்று சோதனை போடுவார்கள், சோலார் தொப்பி போட்ட துரை ஒருவர் நின்று பார்ப்பார், அவர் பார்த்த உடனே இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி விரலை விரித்துக் காட்ட வேண்டும், இதைத் தினமும் செய்து செய்து நம் சாம்ராஜுக்கு எந்தத் தொப்பியைக் கண்டாலும் கை தானாக மேலே போகிறது. போன வாரம் பயிற்சி ஆட்டத்தில் ஒருவருக்கு வயிற்றுவலி என்று இவனை இறக்கினோம். முதல் பந்தே வானத்துக்குப் போனது. சும்மா சொல்லக் கூடாது, அவன் ஓடிய ஓட்டத்தை, மட்டை பிடிக்கும் முறைக்காக உட்கார்ந்திருந்த நானே எழுந்து நின்று பார்த்தேன், ஓடி, குப்புற விழுந்து, ஒற்றைக் கையில் பிடித்து, எழுந்து நின்றான், நடுவர் துரை நிஜமாகவே பிடித்தானா என்று தொப்பியை நிமிர்த்திக்கொண்டு அவனைப் பார்த்தார். அவ்வளவுதான், இரண்டு கையும் மேலே போய்விட்டது, பந்து கீழே போய்விட்டது. வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஷிப்டு ஆட்களில் நாலைந்து பேரும் கூடவே கையைத் தூக்கினார்கள். துரை ஒன்றும் புரியாமல் திரும்பித் தனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தார்.

எங்கள் கேப்டன் டக்ளஸ், ஸ்டோரில் ஹெட் குமாஸ்தா, எதற்கும் ஒரு வழி கண்டுபிடிக்கிறவர். முதலில் துரையைத் தொப்பியைக் கழற்றச் சொன்னார். துரை கழற்றினார், வழுக்கையில் வெயில் பட்டதும் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு சாம்ராஜை நடுவருக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். அப்படி நின்றவனுக்குப் பந்து வருவதே தெரியவில்லை, முதுகில் வாங்கினான். கடைசியில் டக்ளஸ் அவனைத் தூரத்தில், மண்மேட்டுப் பக்கத்து எல்லைக்கோட்டுக்கு அனுப்பினார். அங்கிருந்து பார்த்தால் தொப்பி சரியாகத் தெரியாதாம். அங்கே போன பிறகு வந்ததையெல்லாம் பிடித்தான், ஒன்றையும் விடவில்லை. இதில் சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். மச்சான், மண்மேட்டுப் பக்கம் என் இடம். கழகம் ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே நிற்பவன் நான். பந்து கோட்டைத் தாண்டுவதற்கு முன் நான் போய்ச் சேர்ந்ததில்லை என்று பேசிக்கொள்கிறார்கள். ஆனால் எப்போதும் பந்து போன திசையில்தான் போயிருக்கிறேன், அதை யாரும் சொல்வதில்லை.

வேறு சமயமாக இருந்தால் நானே பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுத்திருப்பேன். வருகிற சனிக்கிழமை நந்திதுர்க் சுரங்கத்துக் குமாஸ்தாக்களோடு பந்தயம். பெங்களூரிலிருந்து ஒருவர் பெட்டி, கறுப்புத் துணி சகிதம் வந்து ஆடுகிற பதினோரு பேரை மட்டும் போட்டோ எடுக்கப் போகிறார். நான் இதுவரை போட்டோவில் நின்றதில்லை. ராபர்ட்சன்பேட்டையில் புதுக் கோட்டு தைத்தாயிற்று, படம் மாட்ட வீட்டில் ஆணியும் அடித்தாயிற்று. இந்த நேரத்தில் டக்ளஸ் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வயசு எத்தனை என்று விசாரிக்கிறார். ஆகவே பாரபட்சம் இல்லாமல் யோசித்ததில், சாம்ராஜ் கிரிக்கெட்டுக்கு உதவமாட்டான் என்று முடிவு செய்திருக்கிறேன். தயவுசெய்து அவனுக்கு ஒரு தந்தி அடியுங்கள். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அடிக்க வேண்டாம், அது பொய், பாவம். ‘உடனே புறப்படு’ என்று மட்டும் அடியுங்கள், காரணத்தை அவனே கற்பனை செய்துகொள்வான்.

கர்த்தர் தங்களையும் தங்கள் குடும்பத்தாரையும் சகல தீங்குக்கும் விலக்கிக் காத்து, போக்கிலும் வரத்திலும் கூட இருப்பாராக. ஐடா அக்காவிடம் இந்தக் கடிதத்தைக் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
ஹரோல்ட்

பின்குறிப்பு: செவ்வாய்க்கிழமை காலை. கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் சாம்ராஜ் வீட்டுக்கு வந்தான். வலது காலை நொண்டிக்கொண்டு வந்தான், லூயிசா கொடுத்த காபியைக் குடித்தான். “காலு சுளுக்கிக்கிச்சு, சனிக்கிழமை என்னால ஆட முடியாது அண்ணே. போட்டோவுல நீங்க நில்லுங்க. எனக்கு இன்னா, இன்னும் வயசு கீது” என்றான். போகும்போது இடது காலை நொண்டிக்கொண்டு போனான். லூயிசாவைப் பிடித்துக் கேட்டேன். கோட்டைப் பற்றியும் ஆணியைப் பற்றியும் நேற்றே அவனிடம் சொல்லியிருக்கிறாள். எனக்கு வெட்கமாகிவிட்டது, மச்சான். கண்ணும் கலங்கிவிட்டது. இப்படிப்பட்ட பிள்ளையைப் பற்றியா இவ்வளவும் எழுதினேன் என்று நேராக டக்ளஸிடம் போனேன், எனக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது, என் இடத்தில் சாம்ராஜைப் போடுங்கள் என்றேன்.

சாம்ராஜ் அதற்குள் அவரிடமும் நொண்டிக் காட்டிவிட்டுப் போயிருந்தான். டக்ளஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “நேத்து வரைக்கும் ஒரு ஆளு ஜாஸ்தி, இன்னைக்கு ஒரு ஆளு கம்மி. நீங்க ரெண்டு பேரும் வீட்ல போய்த் தைலம் தேய்ங்க, போங்க” என்று சொல்லி, ஆட்டத்தன்று எங்களுக்குச் சோடா கொண்டுவருகிற முனிரத்தினத்தைப் பதினோராவது ஆளாகச் சேர்த்துவிட்டார். முனிரத்தினம் பந்து வந்தால் மரியாதையாக ஒதுங்கி வழி விடுகிறவர். சற்று முன் வந்து, போட்டோவுக்கு என் புதுக் கோட்டை இரவல் கேட்டார். போட்டும் பார்த்தார், பொருந்துகிறது. எனக்கும் சாம்ராஜுக்கும் கால் எப்படியும் வெள்ளிக்கிழமைக்குள் குணமாகிவிடும்; யார் நிற்பது என்பதைக் குடும்பத்துக்குள் பேசிக்கொள்வோம்.

முனிரத்தினத்துக்கும் சொந்த ஊர் வேலூர்ப் பக்கம்தான். ஆகவே தந்தியை நிறுத்த வேண்டாம். வாசகம் அதேதான். பெயரை மட்டும் மாற்றி அடியுங்கள்.