வீட்டுச் சுவை பாதுகாப்புக் குழு

அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநில மலையூரான ஆல்டர் கார்னர்ஸ் மனித நாகரிகத்துக்கு அளித்த ஒப்பற்ற கொடை, 'வீட்டுச் சுவை பாதுகாப்புக் குழு'. கடைச் சரக்கு என்னும் பேயை ஊருக்குள் அண்டவிடாமல் ஒன்பது ஆண்டுகளாகக் காத்துவரும் அந்தப் புனித அமைப்பின் தலைவி ஹெஸ்டர் பெல்கி. மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் அவருடைய கிரானோலாவை, அதாவது பாகில் பிசறி வறுத்த ஓட்ஸ்-கொட்டைக் கலவையை, ஒரு கை அள்ளி மென்ற பிறகே சாலை, பள்ளிக்கூடம் போன்ற சில்லறை விஷயங்களைப் பேசுவார்கள்.

அந்தக் கிரானோலா, கூட்டுறவுக் கடையில் எடை போட்டு விற்கும் ஏழாம் பெட்டியிலிருந்து அள்ளியது. ஹெஸ்டர் அதைக் கண்ணாடி ஜாடிக்கு மாற்றி, கட்டம் போட்ட துணியால் வாயைக் கட்டி, விளிம்பில் கொஞ்சம் மேப்பிள் பாகு தடவுவார். இதற்குக் 'கைப்பக்குவம்' என்று பெயர்.

இந்த ஆண்டு பனி முன்கூட்டியே உருகி, பாதையெல்லாம் சேறானது.

"ஏழாம் பெட்டி காலிங்க" என்றார் கடைக்காரர் வெண்டல். "லாரி அச்சு வரைக்கும் சேத்துல பொதைஞ்சு கெடக்கு."

"எப்ப வரும்?"

"அத சேத்துக்கிட்டதாங்க கேக்கணும்."

பதவி ஆட்டம் கண்டது. வெறுங்கையோடு போனால் செயலாளர் ஆர்டித் நாற்காலியைப் பிடித்துவிடுவார். ஹெஸ்டர் வேறு வழியின்றி, ஓவனுக்குள் பத்திரப்படுத்தியிருந்த கம்பளிக் காலுறைகளை வெளியேற்றினார். முதல் தடவை பெர்ரிகளையும் சேர்த்தே வறுத்ததில் அவை கல்லாயின. இரண்டாம் தடவை ஓட்ஸ், பாதாம், வால்நட் மூன்றையும் பாகில் பிசறிப் பொன்னிறமாக வறுத்து, ஆறிய பிறகு பெர்ரி தூவினார். விரலில் ஒரு கொப்புளம். வாயில் போட்டுப் பார்த்தார். இவ்வளவு நன்றாக இருக்குமா என்று அவருக்கே கண் கலங்கியது.

கூட்டத்தில் ஆர்டித் ஒரு வாய் மென்றார். முகம் கோணியது.

"ஹெஸ்டர், உண்மையச் சொல்லுங்க. இத எந்தக் கடையில வாங்கினீங்க?"

"வாங்கினதா! நானே பண்ணினதுங்க. கொப்புளத்தப் பாருங்க!"

"கொப்புளம் யாருக்கு வேணா வரும், வீட்டு ருசி வரணுமே!" என்றார் உறுப்பினர் மெர்ல். "வீட்டுல பண்ணினா பாதாம் பாதி ஒடைஞ்சிருக்கும். பெர்ரி பல்லப் பேக்கும். அடியில தூள் கெடக்கும். எங்க வீட்ல அப்படித்தான்."

"எங்க வீட்லயும்!" என்றது அவை முழுவதும்.

உடைந்த பாதாம், கல் பெர்ரி, அடித்தூள்: ஒன்பது ஆண்டுகளாக அள்ளிய ஏழாம் பெட்டியை ஹெஸ்டருக்கா அடையாளம் தெரியாது? "அடப்பாவிங்களா, அப்ப நீங்க எல்லாருமே..."

ஆர்டித் மேசையைத் தட்டினார். 'கடைச் சரக்கை வீட்டுப் பண்டமென்று காட்டி ஊரை ஏமாற்றிய குற்றத்துக்காகத் தலைவி நீக்கப்படுகிறார்.' தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அப்போது முழங்கால் வரை சேற்றோடு வெண்டல் கதவைத் திறந்தார். "லாரி வந்துருச்சுங்க! ஏழாம் பெட்டி ரொம்பிருச்சு!"

ஒரே நிமிடத்தில் அவை காலி. 'உறுப்பினர்கள் கிரானோலா செய்ய அவசரமாக வீடு திரும்பியதால் கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது' என்று நடவடிக்கைக் குறிப்பில் எழுதி முடித்துத்தான் ஆர்டித் ஓடினார். அப்படியும் கடை வரிசையில் முதல் ஆள் அவர்தான். கையில் கட்டம் போட்ட துணி.

ஹெஸ்டர் ஜன்னலோரம் உட்கார்ந்து, ஜாடியிலிருந்து அள்ளி அள்ளித் தின்றபடி அந்த வரிசையைப் பார்த்தார். அன்றைக்கு ஊரில் கடைக்குப் போகாதவர் அவர் ஒருவர்தான். கடைச் சரக்கு கொண்டுவந்தார் என்று தண்டிக்கப்பட்டவரும் அவர் ஒருவர்தான்.