எந்த ‘ஆய்த்து’, சார்?

மைசூரில் யாரிடமும் எதற்கும் ‘முடியாது’ என்று சொல்லாத ஒரே மனிதர் ஆய்த்து சார்தான். அதனாலேயே அவரை நம்பியவர்கள் எல்லோரும் ஒரு முறையாவது அழுதிருப்பார்கள். நான் அழுதிருக்கிறேன்.

என் மகள் நித்யா எஞ்சினியரிங்கைப் பாதியில் விட்டுவிட்டு ஐ.டி.ஐ.யில் டர்னர் படித்தவள். லேத் முன்னால் நின்று இரும்பு கடைகிற வேலை. அந்த அதிர்ச்சியிலிருந்து நான் இன்னும் முழுசாக மீளவில்லை. அங்கே படித்து முடித்தவர்களுக்குக் கம்பெனிகளில் அப்ரெண்டிஸ் இடம் பிடித்துக் கொடுப்பதுதான் சாரின் பொறுப்பு. எப்போது எந்தக் கம்பெனிக்கு ஓட வேண்டியிருக்குமோ என்று, நாற்காலியிலும் ஹெல்மெட்டோடுதான் உட்கார்ந்திருப்பார். கொள்ளேகாலத் தமிழர். ஆனால் பாதி நேரம் அவர் வாயில் ஒரே ஒரு கன்னடச் சொல்தான்.

கன்னடத்தில் ‘ஆய்த்து’ என்றால் ‘முடிந்தது’. ‘சரி’ என்பதற்கும் அதேதான். “காப்பியா டீயா சார்?” என்று கேட்டால் “ஆய்த்து” என்பார். கேன்டீன்காரர் வெறுத்துப்போய் ஒருநாள் இரண்டையும் ஒரே டம்ளரில் ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு, “ஆய்த்து” என்று டம்ளரை நீட்டினாராம்.

இதெல்லாம் தெரிந்தும் ஏமாந்தேன். பரீட்சை முடிந்து நித்யா வீட்டில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த நாட்கள். சாருக்குப் போன் செய்து, “நித்யாவுக்கு அப்ரெண்டிஸ் இடம்...” என்று இழுத்தேன்.

“ஆய்த்து மேடம்!”

எங்கள் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டி மைசூர்பாகு கொடுத்தேன். குண்டலுபேட்டை நாத்தனாருக்கும் சொல்லியாயிற்று. மறுநாள் ஐ.டி.ஐ.க்குப் போய்வந்த நித்யா செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“இடமும் இல்ல, ஒண்ணும் இல்ல. ‘சரி, பாக்கறேன்’னு சொன்னாராம். அதுக்குள்ள ஊரெல்லாம் ஸ்வீட் குடுத்தியாம்மா?”

“ஆய்த்துன்னாரேடி!”

“எந்த ஆய்த்துன்னு கேக்க வேணாமா?”

நாத்தனார் அன்று சாயங்காலமே போன் செய்தாள். “எப்ப அண்ணி ஜாயினிங்?” லைன் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

ஒருவழியாக ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலை கூப்பிட்டது. சாரோடு நாங்களும் போனோம். மேனேஜர் கோயம்புத்தூர்க்காரர், இனிமையாகப் பேசினார். “லேத்துல எல்லாம் பசங்கதாங்க. பொண்ண பேக்கிங்ல போட்டுக்கலாம். அதுவும் ட்ரெய்னிங்தானுங்களே? ஆய்த்தா சார்?”

அடுத்து என்ன சொல் வரும் என்று எனக்குத் தெரியும். நித்யாவுக்கும் தெரியும். என் கையைப் பிடித்தாள். எஞ்சினியரிங்கை விட்டது அட்டைப்பெட்டி ஒட்டுவதற்கா?

சார் ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“அம்மா, சாருக்கு முடியே இல்ல!” என்று கிசுகிசுத்தாள் நித்யா.

சார் ஹெல்மெட்டை மேனேஜரின் மேஜைமேல் வைத்தார். “ஆகல்ல” என்றார். ஆகாது.

மேனேஜர் தன் காதையே நம்பவில்லை. “என்ன சார், நீங்களா இப்படிச் சொல்றீங்க?”

“ஆகல்லைங்க. இந்தப் புள்ள லேத்துல நிக்கறதுக்குப் படிச்சுதுங்க. பொட்டி ஒட்டறதுக்கு நான் எதுக்கு, ஐ.டி.ஐ. எதுக்குங்க? நீங்க நெதானமா யோசிங்க. நான் இங்கயே இருக்கறேன்.”

இருந்தார். மத்தியானமானதும் அங்கேயே டிபன் பாக்ஸைத் திறந்தார். ஏசி அறை முழுக்கப் புளியோகரை வாசனை. “நீங்களும் ஒரு வாய் சாப்புடுங்க” என்று மூடியில் வைத்து மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் யாருக்கோ போன் செய்தார், பிறகு இன்னொருவருக்கு. கடைசியில் கையெடுத்துக் கும்பிட்டார்.

“லேத்துலயே போட்டுக்கறேன் சார். காப்பியா, டீயா?”

சார் ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். “ஆய்த்து.”

இப்போது நித்யா ஆயில் வாசனையோடு வீட்டுக்கு வருகிறாள். கதவைத் திறந்ததும் நான் முதலில் எண்ணிப் பார்ப்பது அவள் விரல்களைத்தான். பயம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

சார் அவ்வப்போது போன் செய்வார். “இங்க ஒரு அம்மா, மக டர்னர் சேர்ந்துட்டான்னு அழுதுக்கிட்டே இருக்காங்க மேடம். நீங்க வந்து ரெண்டு வார்த்தை...”

ஆபீஸ் வேலை, இடுப்பு வலி, உலையில் அரிசி. முடியாது என்று சொல்ல எனக்கு ஆயிரம் காரணம் இருக்கிறது. ஆனால் அவர் முடிப்பதற்குள் என் வாயிலிருந்து வந்துவிடுகிறது:

“ஆய்த்து சார்.”