பன்னிரண்டு ஆலோசகர்களும் ஒரு பாக்டீரியாவும்

உலகில் எந்த உயிரும் ஆலோசகர் இல்லாமல் உருவானதில்லை. எங்கள் தூத்துக்குடிக் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய பாக்டீரியாவுக்கு ஆலோசகர்கள் பன்னிரண்டு பேர். துறைமுகத் தண்ணீரில் எண்ணெய் கலந்திருந்தால் அது நீலமாகிக் காட்டிக்கொடுக்கும். சென்னைப் போட்டியில் ஜெயித்தால் அணி உலகப் போட்டிக்குப் பாரிஸ் போகலாம். அதற்காக அணித்தலைவி இந்துமதி இரண்டு வருடம் ஞாயிறென்றும் பாராமல் ஆய்வகத்தில் கிடந்தாள்.

ஆலோசகர்களான எங்கள் உழைப்பும் லேசுப்பட்டதல்ல. பேராசிரியர் ஆறுமுகநயினார் ஒருநாள் ஆய்வகத்தை எட்டிப் பார்த்து, "கிருமி சமாச்சாரம்லா, சோப்பு போட்டுக் கையக் கழுவுங்க" என்று 'வழிகாட்டினார்'. நான் வராந்தாவில் போகிற போக்கில், "பாத்துப் பண்ணுங்க" என்றேன். மீதிப் பத்துப் பேரின் பங்களிப்பும் இதே தரம்.

அப்படியிருக்க, அந்தப் பெண் தயாரித்த ஆய்வுச் சுவரொட்டியின் அடியில், "ராப்பகலாக உதவிய ஆய்வக உதவியாளர் கிருபாபாய் அக்காவுக்கு நன்றி" என்று ஒரே வரி! அவசரக் கூட்டம் கூட்டி இந்துமதியை அழைத்தோம்.

"ஏளா, எங்க படம்லாம் எங்க?" என்றார் ஆறுமுகநயினார்.

"சார், நாலடிதான் இடம். பரிசோதனை முடிவையே நெருக்கித்தான் போட்டிருக்கோம்."

"முடிவு எங்கன ஓடிரும்? மரியாதய முதல்ல படி."

பொறுப்பை நானே ஏற்று, பிளக்ஸ் கடை லிங்கராஜிடம் போனேன். கல்யாணம், காதுகுத்து, கட்சி மாநாடு என்று அடித்துத் தேர்ந்த கை. பன்னிரண்டு பேரையும் வட்ட வட்டமாக வெட்டி, பதவி வாரியாகப் பெரிதும் சிறிதுமாகப் பதித்தார்.

"அண்ணாச்சி, இந்தக் கோடும் புள்ளியும் இடைஞ்சலா கெடக்கு. சுருக்கிரட்டா?"

"முடிவுதான அது, மூலையில வையும். அந்தக் கிருபாபாய் வரியத் தூக்கிரும்."

சென்னையில் விரித்தபோதுதான் இந்துமதி அதைப் பார்த்தாள். பன்னிரண்டு வட்டத்தையும் ஒவ்வொன்றாக எண்ணினாள். பூரிப்பு என்று நினைத்தோம்.

நடுவர் அம்மையார் வந்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "முடிவுகள் எங்கம்மா?" என்றார்.

இந்துமதி குனிந்து தபால்தலை அளவில் இருந்த மூலையைத் தொட்டுக் காட்டினாள்.

"படிக்கவே முடியலையே. இந்த வட்டமெல்லாம் என்ன?"

பட்டுச்சட்டையில் வரிசையாக நின்ற நாங்கள் காதைத் தீட்டிக்கொண்டோம்.

"மேடம், கிருமி வளக்குற தட்ட மூடாம வச்சா காத்துல கெடக்கதெல்லாம் வந்து விழுந்து, அதுபாட்டுக்கு வட்ட வட்டமா வளந்துரும்லா? நாங்க வளத்தது அடியில போயிரும். இது அதுதான்."

நடுவர் தலையாட்டிவிட்டு அடுத்த அணிக்கு நகர்ந்தார். பாரிஸ் அத்தோடு முடிந்தது. இந்துமதியின் விரல் அப்போதும் என் படத்தின் மேல்தான் இருந்தது.