நிற்கிற வண்டிக்கு வாடகை

"இன்னாங்க அது கையில?" என்று செண்பகம் அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்ல, கம்பெனி பேப்பர்," என்றான் வரதன். சொல்லிக்கொண்டே கோர்ட் சம்மனை நான்காக மடித்துச் சட்டைப்பையில் திணித்தான்.

"கம்பெனி பேப்பருக்கு எதுக்கு ஊடு தேடி வந்து கையெழுத்து வாங்கினு போறாங்க?"

"இப்பல்லாம் அப்டித்தான்."

குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு மறுபடியும் படித்தான். கும்மிடிப்பூண்டி ரயில் நிலையத்துக்குக் கிழக்கே டூவீலர் ஸ்டாண்ட் நடத்தும் சின்னராசு என்பவர் பொன்னேரி கோர்ட்டில் வழக்குப் போட்டிருந்தார். வரதன் போன வருஷம் விட்டுவிட்டுப் போன பைக் இன்னும் அவருடைய ஸ்டாண்டிலேயே நிற்கிறதாம். அத்தனை மாதத்து வாடகையும் வந்தாக வேண்டுமாம்.

'கிழக்கே' என்ற சொல்லில் வரதனின் கண் குத்தி நின்றது. அந்த நொடியில்தான் அவனுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது.

அன்றைக்குப் பெரம்பூரில் ஒரு கல்யாணம். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. வழக்கமாக அவன் வண்டி விடுவது ஸ்டேஷனுக்கு மேற்கே, செண்பகத்தின் சித்தப்பா அன்புசெல்வன் நடத்தும் ஸ்டாண்டில். அங்கே அன்று இடமில்லை. அவசரத்தில் கிழக்குப் பக்கம் ஓடி, அங்கிருந்த ஸ்டாண்டில் விட்டுவிட்டு ரயிலேறினான். கல்யாணச் சாப்பாட்டில் அது சுத்தமாக மறந்துபோனது. மறுநாள் திரும்பி வந்தவன் நேரே மேற்கே போனான். வண்டி இல்லை.

"வண்டியத் தூக்கி வித்துட்டியா மாமா?" என்று நடுத்தெருவில் நின்று கத்தினான். போலீசில் புகார் கொடுத்தான். களவு போன வண்டிக்கு இன்சூரன்ஸ் பணம் வந்தது, அதில் புது பைக்கும் வந்தது. அன்றோடு இரண்டு குடும்பத்துக்கும் பேச்சுவார்த்தை நின்றது. சித்தப்பா வீட்டுக் காதுகுத்துக்குப் பத்திரிகைகூட வரவில்லை.

நடுவில் ஒரு ஆள் அடிக்கடி போன் செய்து, "சார், உங்க வண்டி..." என்று ஆரம்பிப்பான். "லோன் வேணாம்பா," என்று வரதன் வைத்துவிடுவான்.

சம்மன் வந்த மறுநாள் சிப்காட்டில் கம்பெனி கேன்டீனில் ஜெரால்டைத் தனியே இழுத்துப்போனான். ஜெரால்ட் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ஆனால் மொபைலில் வக்கீல் வீடியோக்களாகப் பார்த்துப் பாதி வக்கீல் ஆகியிருந்தான்.

"உண்மையச் சொல்லிடட்டா?" என்று கேட்டான் வரதன்.

"சொன்னா கெட்ட நீ. களவே போவாத வண்டிக்குக் களவுப் பணம் வாங்கினியான்னு இன்சூரன்ஸ்காரன் உன்னத் தூக்கி உள்ள வெச்சிடுவான். அது என் வண்டியே இல்லன்னு எய்திக் குடு. வேல முடிஞ்சிது."

வரதன் அப்படியே எழுதிக் கொடுத்தான். அடுத்த வாய்தாவில் சின்னராசுவின் வக்கீல் ஆர்.சி. நகலை நீட்டினார். அதில் வரதன் பெயர், அப்பா பெயர், வீட்டு விலாசம் எல்லாம் பளிச்சென்று இருந்தன.

நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "உங்க வண்டி இல்லன்னீங்க?"

"சரியா ஞாபகம் இல்லிங்கம்மா."

"ஞாபகப்படுத்திக்கிட்டு வாங்க."

ஜெரால்ட் அசரவில்லை. "இது ரொம்ப நல்லதாப் போச்சு. வண்டி உன்னுதுதான், ஆனா களவு போன வண்டி. உன் மாமா ஸ்டாண்டுலர்ந்து திருடினவன் கொண்டாந்து கிழக்கால உட்டுட்டான். வாடகைய உன் மாமாதான் கட்டணும். அவரையும் கேசுல இழுத்து உடு."

"மாமாவையா?"

"அவருகூடத்தான் பேச்சே இல்லியே. அப்பறம் இன்னா பேஜாரு?"

பேஜாரு என்னவென்று, அன்புசெல்வனுக்குச் சம்மன் போய்ச் சேர்ந்த அன்றே தெரிந்தது. அவர் சம்சாரம் குணசுந்தரி ஆட்டோ பிடித்து வந்து வரதன் வீட்டு வாசலில் இறங்கினாள்.

"மாப்ள! எம் புருசன் கோர்ட்டு வாசப்படிய மிதிச்சதே இல்ல. திருடன்னு சொன்ன, தாங்கிக்கினோம். இப்ப கூண்டுல ஏத்தப் போறியா? நீ நல்லா இருப்பியா?"

தெருவே வேடிக்கை பார்த்தது. செண்பகம் வெளியே வந்தாள். "கம்பெனி பேப்பர்னீங்களே, இதுதானா?" என்று முறைத்தாள்.

வரதன் ஓரடி பின்வாங்கினான். ஆனால் அவள் திரும்பியது சின்னம்மா பக்கம்.

"உங்க ஸ்டாண்டுல களவு போன வண்டிக்கு நீங்க வாடக கட்டுனா இன்னா தப்பு? நானே கோர்ட்டுக்கு வரேன். எங்கூட்டுக்காரரு வாயில பொய்யே வராதுன்னு சத்தியம் பண்றேன்!"

அதைக் கேட்டதும் வரதனுக்கு உட்கார இடம் தேவைப்பட்டது.

அந்த நாளும் வந்தது. ஒரு பக்கம் அன்புசெல்வன், வெள்ளை வேட்டியில், யாரையும் பார்க்காமல் நின்றார். இன்னொரு பக்கம் செண்பகம், பட்டுப்புடவையில், கணவனைப் பெருமையாகப் பார்த்தபடி நின்றாள். திருடன் கதையை வரதன் திக்கித் திணறிச் சொல்லி முடித்தான்.

சின்னராசுவின் வக்கீல் ஒரு டோக்கனின் அடிக்கட்டையை எடுத்து நீட்டினார். ராத்திரி வண்டியை விட்டுப் போகிறவர்கள் அதில் போன் நம்பர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

நீதிபதி அம்மா அதைப் பார்த்தார், வரதனைப் பார்த்தார். "ஏங்க, திருடன் வண்டியோட சேர்த்து உங்க போன் நம்பரையும் கையெழுத்தையுமா திருடினான்?"

கோர்ட்டே சிரித்தது. அன்புசெல்வன் மட்டும் சிரிக்கவில்லை. கீழுதடு நடுங்க நின்றிருந்த அவரைப் பார்த்ததும் வரதனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"நான்தாம்மா உட்டேன். மறந்துட்டேன். மாமா மேல ஒரு தப்பும் இல்ல. அவர அநியாயமாத் திருடன்னு சொல்லிட்டேன்."

நீதிபதி அம்மா நன்றாகத் திட்டினார். வாடகையைக் கட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னார். செண்பகம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. பஸ் ஏறி இறங்கும்வரை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது வரதனுக்கு.

அதன்பிறகு அவன் ஒரு நியாயத்தையும் பாக்கி வைக்கவில்லை. புது பைக்கை விற்றான். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதிப் பணத்தைத் திருப்பிக் கட்டினான். இப்படியொரு மனிதனைத் தன் சர்வீசில் பார்த்ததில்லை என்று அங்கிருந்த மேனேஜர் டீ வாங்கிக் கொடுத்தார். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய், வண்டி களவு போகவே இல்லை என்று எழுதிக் கொடுத்து, அங்கேயும் திட்டு வாங்கினான். கடைசியாக மாமா வீட்டுக்குப் போய் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

அன்புசெல்வன் அவனைத் தூக்கி நிறுத்தினார். "உடு மாப்ள. நானும் இத்தன நாளா, நம்ம ஸ்டாண்டுல எப்டிடா களவு போச்சுன்னு தூக்கமில்லாம கெடந்தேன். இப்பதான் மனசு ஆறிச்சு."

குணசுந்தரி உள்ளே போய்க் கேசரி கிண்டினாள். செண்பகம் அன்றுதான் வாயைத் திறந்தாள். "நாளைக்கு நல்ல நாளு. எல்லாரும் சேர்ந்து போய் வண்டிய ஊட்டுக்கு ஓட்டினு வரலாம்."

மறுநாள் காலை ஷேர் ஆட்டோவில் எல்லோரும் கிழக்குப் பக்க ஸ்டாண்டில் போய் இறங்கினார்கள். திருஷ்டி கழிக்க எலுமிச்சம்பழத்தோடு செண்பகம் வந்திருந்தாள். மாப்பிள்ளையின் தோளில் கை போட்டபடி அன்புசெல்வன் வந்தார். போட்டோ எடுக்க ஜெரால்டும் வந்திருந்தான். முதலாளி சின்னராசு சோழவரத்தில் இருக்கிறவர், ஸ்டாண்டுப் பக்கமே அதிகம் வரமாட்டார், டோக்கன் கட்டையைப் பார்த்தே கணக்கை முடித்துக்கொள்வார். காவலாளி சாலமோன்தான் கொட்டகைக்குள் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

வரதன் பணம் கட்டிய ரசீதை நீட்டினான். வண்டி நம்பரைப் பெருமிதத்தோடு சொன்னான்.

சாலமோன் ரசீதைப் பார்த்தார். பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, வரதனின் காதருகே குனிந்தார்.

"சத்தம் போடாத நைனா, மொதலாளிக்கு இன்னும் தெரியாது. நீ உட்டுட்டுப் போன அன்னிக்கே வண்டிய எவனோ களவாடிக்கினு பூட்டான்!"