தொரைக்கு நான் சொன்ன யுத்தம்

சிரிக்கிறதெண்டா இப்பவே சிரிச்சு முடிங்க. கதை தொடங்கின பொறகு சிரிச்சா நான் எழும்பிப் போயிடுவேன். கலியாணம் கட்டாத பயலுகள் முன்னுக்கு வாங்க, இது ஒங்களுக்குத்தான் தேவை. கட்டினவங்க பின்னுக்கு இருங்க, ஒங்களுக்கு முடிவு முன்னமே தெரியும். மர்சூக், நீ கட்டினவன்தானே, என்னத்துக்கு முன்னுக்கு வந்து குந்திக்கிட்டிருக்கிறாய்? பின்னுக்கு இருந்தா பொண்டாட்டி ஜன்னலால காண்பாளா? சரி, இரி. ஒனக்கும் தேவைதான்.

என்னத் தெரியாதவங்களுக்குச் சொல்றேன். நான் ஹபீல். இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துல ஏழாம் வகுப்பு வரைக்கும் போனேன். அதுக்குப் பொறகு பள்ளிக்கூடமும் நானும் பேசிப் பிரிஞ்சிட்டோம். பேசினது ஹெட்மாஸ்டர், பிரிஞ்சது நான். பொறகு புடவைக்கடை, பேக்கரி, பஸ்ஸுல டிக்கட். ஒண்டுலயும் நிண்டு பிடிக்கல்ல. நிண்டு செய்யிற வேலை என்ட காலுக்கு ஆகாது. இருந்து செய்யிற வேலைய எனக்கு ஒருத்தனும் தரல்ல.

எங்கட ஆக்கள்ட வழக்கம் தெரியும்தானே. மாப்புளதான் பொம்புளட வீட்டுக்குக் குடி போறது. நானும் ஒரு தகரப் பெட்டியும் ரெண்டு சாரமுமாப் போனேன். அந்த வீட்டுல கதிரையெல்லாம் மாமாட. அலுமாரி, மௌத்தாகி மண்ணுக்குப் போன மாமிட. மிச்சமெல்லாம் என்ட பொஞ்சாதி ஜெஸீமாட. எனக்குச் சொந்தமா இருந்தது வாய் மட்டும்தான். அதுவும் அவ இல்லாத நேரம்.

மாமாட பேர் முஹைதீன், கூட்டாளிமாருக்கு மொய்தீன் நானா. பெரிய யுத்தத்துக்குக் கப்பலேறி அரபு நாட்டுப் பஸ்ராவுக்குப் போன மனுஷன். துவக்குப் பிடிக்கப் போகல்ல. பட்டாளத்துக்குச் சுத்தமான தண்ணி குடுக்கிற கம்பெனியில இருந்தவர். ஆத்துத் தண்ணிய அள்ளி, வடிச்சு, கொதிக்க வெச்சு, சண்டைக்காரங்களுக்குக் குடுக்கோணும். அங்க குண்டு பட்டுச் செத்தவனை விட வயித்தால போய்ச் செத்தவன்தான் கூட எண்டு சொல்லுவார். யுத்தம் முடிஞ்சு கம்பெனி கப்பலேறுற நாள் மாமா காய்ச்சலோட ஆஸ்பத்திரிக் கட்டில்ல. கம்பெனி போயிட்டு. மாமா பொறகு வேற கப்பல்ல, தெரியாத ஆக்களோட வந்தார். மெடல் குடுக்கிற நேரம், கம்பெனியோட வந்திறங்கினவங்கட பேரத்தான் பாத்திருக்காங்க. மாமாட பேர் விட்டுப்போச்சு. அவரும் கேக்கல்ல. உசிரோட வந்து சேர்ந்ததே பெரிய மெடல் எண்டு இருந்துட்டார்.

ஆனா நவம்பர் மாசம் பதினோராம் திகதி வந்தா மனுஷன் வேற ஆள். காக்கிக் கோட்டு வெளிய வரும். பொத்தானெல்லாம் சாம்பல் போட்டுத் தேய்ச்சு வெச்சிருப்பார். யுத்தத்துல செத்தவங்களுக்குக் கட்டின தூணடிக்குப் போவார். அங்க கயிறு கட்டியிருக்கும். மெடல் உள்ளவங்க கயித்துக்கு உள்ளுக்கு, மத்த சனம் வெளிய. மாமாட கூட்டாளி கறுப்பையா, கலஹாவுல பொறந்து இப்ப ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டமொண்டுல இருக்கிற ஆள், பஸ்ராவுல மாமாட அடுப்புக்கு விறகு போட்டவர். அவர் உள்ளுக்கு. அடுப்பு மூட்டின மாமா வெளிய.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் ஜெஸீமாவும் பாக்க வந்தா, திரை போட்ட ரிக்ஷாவுல. ஒரு பொலிஸ்காரன் தடியால மாமாட நெஞ்சுல வெச்சு, பின்னுக்குப் போ எண்டு தள்ளினதை அந்தத் திரைக்குள்ளால கண்டுட்டா. மாமா சிரிச்சுக்கிட்டே பின்னுக்குப் போனார். வெளிய நிண்டாத்தான் பேண்ட் வாத்தியம் நல்லாக் கேக்கும் எண்டு எனக்குச் சொன்னார். அண்டைக்குப் பகல் கறியில உப்பில்ல. மாமாவும் கேக்கல்ல, நானும் கேக்கல்ல. அவதான் கதைச்சா, என்ட பக்கம் பாக்காம.

"வாப்பாட நெஞ்சு இழுக்கிற இழுப்புக்கு, இன்னும் எத்தின நவம்பர் ஈக்கி எண்டு சொல்லேலா. ஒரு தரமாவது உள்ளுக்கு நிக்கோணும்."

அந்த இடத்துலதான் நான் நெஞ்சத் தட்டினேன். பலமாத் தட்டிட்டேன், இருமல் வந்துட்டு. இருமி முடிச்சு, இது அரசாங்கக் கந்தோர் விசயம், இங்கிலீஷ் விசயம், ஆம்புளட விசயம், என்ட கையில விடுங்க எண்டேன். அவக்கிட்ட இருந்து வந்தது, பிள்ளை நடக்கப் பழகுற நேரம் தாய் பாக்கிற மாதிரி ஒரு பார்வை.

கடுதாசி வாங்கினேன், புதுப் பேனை வாங்கினேன், மனு எழுதக் குந்தினேன். தொடக்கத்துலயே ஒரு சிக்கல். தண்ணி கொதிக்க வெச்சார் எண்டு எழுதினா கேக்கிறவனுக்கு என்ன இருக்கு? என்ட உம்மாவும் வாழ்நாள் பூரா கொதிக்க வெச்சவதான், ஒரு ராசாவும் மெடல் குடுக்கல்ல. அதால மாமாவக் கொஞ்சம் அவிழ்த்து விட்டேன். முதல் பக்கத்துல துருக்கிப் பீரங்கி ஒண்டைப் பிடிச்சார். ரெண்டாம் பக்கத்துல காயப்பட்ட கப்டனத் தோள்ல போட்டுக்கிட்டு பாலைவனத்தால ஓடினார். மூணாம் பக்கத்துல எதிரியே சலாம் போட்டான். எழுதி முடிக்கிற நேரம் எனக்கே மாமாவக் கண்டா பயம்.

ஜெஸீமாவுக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டினேன்.

"இதுல வாப்பா எங்க?"

"இந்தா, பீரங்கிக்கு மேல."

"வாப்பா பூனை குறுக்க வந்தாலே வழி விட்டுட்டு நிக்கிற மனுஷன்."

"அது சமாதான காலத்துல."

"தண்ணி கொதிக்க வெச்சது எங்க ஈக்கி?"

"அத எழுதினா மெடல் வராது. தண்ணி சுடவைக்கிற கேத்தல்தான் வரும்."

அவ கொஞ்ச நேரம் என்ட மொகத்தப் பாத்தா. பொறகு, நல்லா எழுதீக்கிறீங்க எண்டா. கலியாணம் கட்டி அவ வாயால கேட்ட முதல் நல்ல வார்த்தை. எழுதிக் களைச்சுப் போயிருப்பீங்க, சோத்தத் திண்டுட்டுப் படுங்க, தபால்காரன் வந்தா நான் குடுக்கிறேன் எண்டா. திண்டேன். படுத்தேன்.

கொஞ்ச நாள் போனது. ஒரு பின்னேரம் கறுப்பையா மூச்சு வாங்க வந்து நிண்டார். ஞாயித்துக்கிழமை எங்க தோட்டத்துப் பெரிய தொரை மொய்தீன் நானாவப் பாக்க வீட்டுக்கு வாறாரு, அவருதான் பஸ்ராவுல நம்ம கம்பெனிக்கு கப்டன் எண்டார். எனக்கு ஒரு கால் ஆடுச்சு, ஒரு கால் நடுங்கிச்சு. ஆடினது, மனு போய்ச் சேர்ந்துட்டு எண்ட சந்தோசத்துல. நடுங்கினது, மாமா தோள்ல தூக்கிக்கிட்டு ஓடின கப்டன் இவராத்தான் இருக்கோணும், தன்னை ஆரும் தூக்கவுமில்ல, தூக்கிக்கிட்டு ஓடவுமில்ல எண்டு இவருக்குத் தெரியுமே எண்ட பயத்துல.

ஆனா எனக்கா யோசனை வராது. தொரை இங்கிலீஷ்ல கேப்பார். மாமாவுக்கு அரைவாசி விளங்கும், பதில் தமிழ்ல சொல்லுவார். நடுவுல நான். மாமா எதைச் சொன்னாலும் தொரைட காதுக்குப் போறது என்ட வாயால. கப்டன மட்டும் வேற கப்டனா மாத்திவிட்டாச் சரி. ஜெஸீமாவுக்கும் கட்டளை போட்டேன். அந்நிய ஆம்புள வாற நேரம் நீங்க திரைக்குப் பின்னால, இருமவும் கூடாது, தேத்தண்ணி தண்ணி மட்டும் ஒங்கட வேலை, மிச்சம் என்ட வேலை. அவ, சரி எண்டா. கேள்வி கேக்காம அவ சரி எண்டு சொன்ன அந்த நிமிஷமே நான் முழிச்சிருக்கோணும்.

தொரை வந்தார். கதவுக்குக் குனிஞ்சார், கதிரையில இருந்தார், முழங்கால் ரெண்டும் நெஞ்சு மட்டத்துக்கு வந்துட்டு. மாமா கோட்டைப் போட்டுக்கிட்டு விறைப்பா நிண்டார். வெளிய விறாந்தையில கறுப்பையா. உள் கதவுல திரை.

இங்கிலீஷ்ல நான் சொல்றேன் சேர் எண்டு நடுவுல போய் நிண்டேன். தொரையும் இங்கிலீஷ்லயே கேட்டார், நீ அங்க என்ன வேலை செஞ்சாய் எண்டு.

"தண்ணி கொதிக்க வெச்சேன் சேர்," எண்டார் மாமா.

பீரங்கிப் படைய எதிர்த்து நிண்டாராம் எண்டேன் நான், இங்கிலீஷ்ல. தொரை தலைய ஆட்டினார். பயமா இருக்கல்லையா எண்டார்.

"பயம்தான் சேர். மழை வந்து அடுப்பு அணைஞ்சிருமோ எண்டு எந்நேரமும் பயம்."

பயமெண்டா என்னெண்டே தெரியாதாம் எண்டேன். யார் கண்டது எண்டார் தொரை.

"கறுப்பையா கண்டான் சேர். விறகு நனைஞ்சா அவன் அழுவான்."

ஒரு பட்டாளமே கண்டுச்சாம், கண்ணீர் விட்டுச்சாம் எண்டேன். திரைக்குப் பின்னால வளையல் குலுங்கிச்சு. என்ட திறமையில பூரிச்சுப் போனா எண்டு நினைச்சேன். கறுப்பையா துண்டை வாயில பொத்திக்கிட்டு வெளிய திரும்பிட்டார். தொரைட மீசை ரெண்டு தரம் மேல போய்க் கீழ வந்துச்சு. பொக்கட்டுல இருந்த லேஞ்சியால அதத் துடைச்சார்.

திரை ஓரத்தால ஒரு கை, கையில ஒரு கிளாஸ் தண்ணி. வாங்கித் தொரைக்குக் குடுத்தேன். நல்ல வெயில் நேரம், மனுஷன் தாகத்துல பெரிய மடக்கு ஒண்டு குடிச்சார். குடிச்சவர் அப்படியே நிப்பாட்டினார். தண்ணி சூடு. மாமாட வீட்டுல பச்சைத் தண்ணி ஆருக்கும் கிடைக்காது, வெள்ளைக்காரனா இருந்தா என்ன.

"இன்னும் ஆறல்ல சேர்," எண்டார் மாமா. "கொதிச்ச தண்ணிதான். நம்பிக் குடிங்க."

தொரை கிளாஸையும் மாமாவையும் மாறி மாறிப் பாத்தார். பொறகு வாயத் தொறந்தார். தமிழ் வந்துச்சு. நல்ல தோட்டத்துத் தமிழ்.

"மொய்தீன், அன்னைக்கும் நீ இப்படித்தான் சொன்னே. பச்சத் தண்ணி குடுன்னு நான் கத்தினேன். அடிக்கக் கையையும் ஓங்கினேன். நீ குடுக்கல."

"குடுத்திருந்தா நீங்க இண்டைக்கு இந்தக் கதிரையில இருக்க மாட்டீங்க சேர்."

தொரை எழும்பினார். மாமாட கையைப் பிடிச்சார். நான்தான் இனி எதை மொழிபெயர்க்கிறது எண்டு தெரியாம நிண்டேன். தொரை என்ட பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீ சொன்ன யுத்தத்துக்கு நான் போகலையே. அது எந்த ஊர்ல நடந்துச்சு?"

தோட்டத்துல ஒரு சின்னப் பிள்ளையக் கேட்டாலும் தெரியும், தமிழ் படிக்காம ஒரு தொரைக்கு அங்க ஒரு நாள் வேலை வாங்கேலாது எண்டு. நான் டவுன்காரன். வெள்ளைத் தொப்பிக்குள்ள இங்கிலீஷ் மட்டும்தான் இருக்கும் எண்டு நினைச்சிட்டேன். இருந்தாலும் விடாம, நான் அனுப்பின மனுவுல எல்லாம் விவரமா, எண்டு இழுத்தேன்.

என்ன மனு எண்டார் தொரை. அவருக்கு ஒரு மனுவும் வரல்ல. மொய்தீன் நானாட மக கறுப்பையாக்கிட்டச் சொல்லிவிட்டிருக்கிறா, கறுப்பையா அதை அப்படியே தொரைக்கிட்டச் சொல்லியிருக்கிறார். வாப்பா காய்ச்சல்ல கிடந்ததால பேர் விட்டுப்போச்சு, அவர் தண்ணி கொதிக்க வெச்சவர், ஒரு தரம் கயித்துக்கு உள்ளுக்கு நிக்கோணும். அவ்வளவுதான். இவன் இருந்தான் எண்டு நானே கையெழுத்துப் போட்டு அனுப்புறேன், பேரைச் சேர்க்கட்டும் எண்டு சொல்லிட்டு, மிச்சத் தண்ணியையும் குடிச்சுட்டுத் தொரை போனார்.

நான் குசினிக்குப் போனேன். ஜெஸீமா சோறு வடிச்சுக்கிட்டிருந்தா.

"என்ட மனு எங்க?"

"அடுப்புல."

"எப்ப?"

"நீங்க குறட்டை விட்ட நேரம்."

"வேணாமெண்டு மொகத்துக்கு நேராச் சொல்லியிருக்கலாமே."

"எப்படிச் சொல்ற? அம்புட்டுச் சந்தோசமா வாசிச்சீங்க. வாப்பாவுக்காக ஒருத்தன் அப்படி எழுதினதே எனக்குப் போதும் எண்டு ஈந்திச்சி."

"தொரைக்குத் தமிழ் தெரியுமெண்டாவது சொல்லியிருக்கலாம்."

"தண்ணி மட்டும்தானே என்ட வேலை எண்டீங்க."

அடுத்த வருஷம் நவம்பருக்கு முன்னாலயே மெடல் வந்துட்டு. ரெண்டு. ஒண்டு வெள்ளி, மத்தது வானவில் நாடாவோட. மாமா கயித்துக்கு உள்ளுக்கு, கறுப்பையாட தோளோட தோள் நிண்டார். பியூகிள் குழல் ஊதுற நேரம் எல்லாரும் நேர முன்னுக்குப் பாத்தாங்க. மாமா மட்டும் வெளிய சனத்துக்குள்ள ஆரையோ தேடினார். ரிக்ஷாத் திரையைக் கண்டதும் நிமிர்ந்துட்டார். திரைக்குள்ள இருந்து ஒரு கை வந்து, பக்கத்துல நிண்ட என்ட சட்டைக் கையைப் பிடிச்சிச்சு. ஊதி முடியிற வரைக்கும் விடல்ல.

இப்ப மாமா காணுற ஆளுக்கெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறார், இது என்ட மருமகன் வாங்கித் தந்த மெடல் எண்டு. நானும் இல்லையெண்டு சொல்றதில்ல. ஆனா ஒங்களுக்கிட்ட மறைக்க என்ன இருக்கு. அந்த மெடலுக்காக நான் செஞ்ச ஒரே உருப்படியான வேலை, அண்டைக்குச் சோத்தத் திண்டுட்டு நித்திரை கொண்டதுதான்.