எடைக்கு மேல் ஒரு மீன்

சான் இலாரியோ நகராட்சிச் சந்தையில், வாங்கிய பொருளை வாங்கியவரே எடை பார்த்துக்கொள்ள மக்கள் தராசு நிறுவப்பட்டது, பொதுமக்களின் நெடுநாள் கோரிக்கையை ஏற்றுத்தான் என்று பதாகை சொன்னது. பொதுமக்களில் யார் அப்படிக் கோரினார்கள் என்பதைச் சொல்ல அதில் இடமில்லை. மேயரின் முகம் ஆறடி, துணை மேயரின் முகம் நாலடி, உறுப்பினர்கள் எட்டுப் பேரின் முகங்கள் தலைக்கு ஒன்றரை அடி என்று போக, மீதியிருந்த மூலையில் தராசின் படம் தீப்பெட்டி அளவில் அச்சாகியிருந்தது.

ரிப்பன் வெட்டியதும் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள். சாவி எடைச் சீர்மை அதிகாரி கிரிசாந்தோ பல்மோரேஸிடம் இருந்தது. தராசைப் பயன்படுத்துவது எப்படி என்ற பயிற்சிக்காக அவர் தலைநகருக்குப் போயிருந்தார். பதினோரு நாள் பயிற்சி. ஊர் பொறுத்திருந்தது. பல்லாயிரம் வருஷம் இந்தத் தராசில்லாமல் இருந்த ஊருக்குப் பதினோரு நாள் ஒரு பொருட்டல்ல.

பன்னிரண்டாம் நாள் காலை பெட்டி திறந்தபோது அங்கே முதல் ஆளாக நின்றவர் எலூத்தேரியோ மக்பனுவா. வயது ஐம்பத்தெட்டு. பள்ளிக்கூடத்தில் முப்பத்துமூன்று வருஷம் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதவர். படித்தபின் கையெழுத்துப் போடலாமா என்று இரண்டு நாள் யோசிப்பவர். நுகர்வோர் விழிப்புணர்வுக் கூட்டத்தில் இலவசமாகக் கொடுத்த மஞ்சள் சட்டையைப் போட்டிருந்தார். அதன் முதுகில் 'கேளுங்கள், எடை போடுங்கள், புகார் கொடுங்கள்' என்று எழுதியிருந்தது. அந்த மாதம் ஊரில் பாதிப் பேர் அந்தச் சட்டையில்தான் திரிந்தார்கள். ஆனால் முதுகில் இருந்ததைப் படித்து அதன்படி நடந்தவர் இவர் ஒருவர்தான்.

அவர் கையில் ஒரு கிலோ கானாங்கெளுத்தி இருந்தது. மீன்காரி மினாங்கிடம் வாங்கியது. இருபத்திரண்டு வருஷமாக மினாங் அவருக்கு சுக்கி, அவர் மினாங்குக்கு சுக்கி. வாடிக்கையாக விற்பவருக்கும் வாங்குபவருக்கும் அங்கே ஒரே பெயர்தான். சுக்கி என்றால் வேறு கடைக்குப் போகக்கூடாது. போனாலும் பார்க்கும்படி போகக்கூடாது. பதிலுக்கு மினாங் நல்ல மீனைப் பனிக்கட்டிக்கு அடியில் ஒளித்து வைப்பாள். எடை போட்டு முடித்ததும் இன்னொரு மீனை எடுத்துப் பையில் எறிந்து, "இது உனக்கு, சுக்கி! ஊட்டுக்காரிக்குத் தலைய குடு, இல்லன்னா ராத்திரி திட்டுவா" என்பாள். அதைக் கேட்காமல் வீட்டுக்குப் போன நாள் எலூத்தேரியோவுக்கு நினைவில் இல்லை.

தராசுக்கு மேலே இருந்த அறிவிப்பு, 'வாங்கிய பொருளை மட்டும் வைக்கவும்' என்றது. அவர் ஒழுங்காக அந்தக் கூடுதல் மீனை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு மற்றதை வைத்தார்.

தொள்ளாயிரம் கிராம்.

கையில் இருந்த மீனையும் வைத்துப் பார்த்தார். ஆயிரத்துப் பத்து.

அங்கேயே நிறுத்திக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். பின்னாளில் பல இரவு அவர் இதை யோசித்தார். நியாயத்துக்காகவா போனேன், அல்லது சட்டை போட்டிருந்தேன் என்பதற்காகவா? விடை கிடைக்கவில்லை. கால்கள் என்னவோ சந்தை மாடியிலிருந்த எடைச் சீர்மை அலுவலகத்துக்குப் போய்விட்டன.

பல்மோரேஸ் பயிற்சிக்குப் பின் கொஞ்சம் பருத்திருந்தார்.

"சொல்லுங்க சார். குறைஞ்சது எவ்வளவு?"

"நூறு கிராம். ஆனா அந்தம்மா ஒரு மீன் சேர்த்துப் போட்டாங்க. அதையும் சேர்த்தா பத்து கிராம் அதிகம்."

"அந்த மீன் வாங்கினதா, குடுத்ததா?"

"குடுத்தது."

"குடுத்தது எங்க சட்டத்துல வராது. அப்ப நூறு கிராம் மோசடி."

"வாங்கினதுன்னு வெச்சுக்கிட்டா?"

"ரசீது இருக்கா?"

"மீனுக்கு யாருங்க ரசீது குடுக்குறா?"

"அப்ப பத்து கிராம் ரசீதில்லாம உங்க கைக்கு வந்திருக்கு. அது உங்க மேல வரும். எது வேணும் உங்களுக்கு?"

எலூத்தேரியோ யோசித்தார். "குடுத்ததாவே இருக்கட்டும்."

"நல்ல குடிமகன் சார் நீங்க. புகாரோட பொருளையும் வாங்கின நிலையிலேயே ஒப்படைக்கணும். மூணு பிரதி."

"மனு மூணு பிரதியா?"

"எல்லாமே மூணு பிரதி."

"மீனுமா?"

பல்மோரேஸ் விதிப் புத்தகத்தைப் புரட்டி விரலை வைத்துக் காட்டினார். 'சமர்ப்பிக்கப்படுபவை அனைத்தும்' என்று இருந்தது. மீனுக்கு விலக்கு அளித்து ஒரு வரிகூட இல்லை.

எலூத்தேரியோ கீழே இறங்கி மறுபடியும் மினாங்கிடம் போனார். வேறெங்கே போவார்? அவர் சுக்கி.

"இன்னும் ரெண்டு கிலோவா? என்ன சுக்கி, ஊட்டுல விசேஷமா?"

அவர் பணத்தை எண்ணி நீட்டினார்.

"மக புள்ள உண்டாயிருக்காளா? சொல்ல மாட்டியே நீ! அமுக்கன்! சரி, சொல்லாத." கிலோவுக்கு ஒரு மீன் வீதம் இரண்டு மீனை எறிந்தாள். பிறகு யோசித்து, ஒரு கைப்பிடி கணவாயும் அள்ளிப் போட்டாள். "இது பொறக்கப் போற கொழந்தைக்கு!"

கணவாய் புகாரில் வராது என்பதால் அதை வீட்டுக்கு அனுப்பிவிட்டு மூன்று கிலோவை மாடியில் ஒப்படைத்தார். அலுவலகக் குளிர்பெட்டியில் ஊழியர்களின் மதியச் சாப்பாட்டுக்கு நடுவே 'ஆதாரம், உண்ணக் கூடாது' என்ற சீட்டோடு அது எட்டு நாள் இருந்தது. விசாரணையன்று எடுத்துப் பார்த்தபோது இரண்டாம் பிரதியில் நான்கு மீன் குறைந்தது. 'ஆதாரத்தின் ஒரு பகுதி அலுவல் நிமித்தம் செலவாயிற்று' என்று கோப்பில் எழுதி மேலே போனார்கள்.

அன்று சந்தையின் நாற்பத்திரண்டு தராசுகளும் சோதிக்கப்பட்டன. அவற்றில் நாற்பத்தொன்று, சரியாகத் தொள்ளாயிரம் கிராமையே ஒரு கிலோ என்று காட்டின. மூலையில் நண்டு விற்ற கிழவரின் தராசு மட்டும் சரியாக இருந்தது. சந்தையின் சீர்மைக்கு ஊறு விளைவித்ததாக அவருக்கு அபராதம் போட்டார்கள்.

பிறகு ஆணை வந்தது. ஒன்று, பழைய தராசுகளை ஒதுக்கிவிட்டு, முத்திரையிட்ட புதிய தராசுகளையே பயன்படுத்த வேண்டும். இரண்டு, பேரம் பேசுதல் நுகர்வோருக்குள் ஏற்றத்தாழ்வை உண்டாக்குவதால் இனி ஒரே விலை. மூன்று, எடை முடிந்தபின் மீனையோ, மீனின் பகுதியையோ, மீனை ஒத்த பொருளையோ எவர் பையிலும் எறிதல் கூடாது. எல்லோருக்கும் சரியான எடை கிடைத்துவிட்டதால் விலை கிலோவுக்கு முப்பது பெசோ ஏறியது. அது நியாயம்தான் என்று அலுவலகமே ஒப்புக்கொண்டது.

எலூத்தேரியோவுக்கு 'முன்மாதிரி நுகர்வோர்' என்ற சான்றிதழ் கிடைத்தது. புதிய பதாகையில், உறுப்பினர்களுக்குக் கீழே, ஓரடியில் அவர் முகமும் வந்தது. அதை மினாங்கின் கடைக்கு நேர் எதிரே கட்டினார்கள்.

"ஓரடி மூஞ்சிய வெச்சு நான் என்ன சமைக்கட்டும்?" என்று கேட்டாள் அவர் மனைவி பெலிசா. "இருபத்திரண்டு வருஷமா எனக்கு வந்த தலைய எடுத்து மேயர்கிட்ட குடுத்துட்டு வந்திருக்க. போ. போய் மினாங்கோட பேசித் தீர்த்துட்டு வா. தலை இல்லாம வராத."

அவர் மறுநாள் போனார். மினாங் அவரைப் பார்த்து எழுந்து நின்றாள். "வாங்க ஐயா," என்றாள். அவ்வளவுதான். மீன் சரியாக ஆயிரம் கிராம் இருந்தது. அந்த 'ஐயா' அவருடைய நெஞ்சில் முள்ளாகச் சிக்கிக்கொண்டது.

இரண்டு வாரத்தில் ஊர் கொதித்தது. எல்லோருக்கும் முழுக் கிலோ கிடைத்தது, எல்லோரும் ஏமாந்ததாகச் சொன்னார்கள். "எடை சரியா இருக்கு, மனசு நிறையலையே" என்று ஒருத்தி பல்மோரேஸிடம் அழுதாள். மனசு எந்த அலகில் அளக்கப்படுகிறது என்று அவர் கேட்டார். மூன்றாம் வாரம் சந்தையில் ஈ மட்டும் மிச்சமிருந்தது. ஆட்கள் எங்கே என்று தேடிப் போன எலூத்தேரியோ, படகுத் துறையின் பின்பக்கம், தென்னங்கீற்றுப் பந்தலுக்கு அடியில் நாற்பத்தொரு கடைகளையும் கண்டார். நாற்பத்தொரு பழைய தராசுகளும் இருந்தன. கூச்சலும் பேரமும் பொய்ச் சத்தியமும் காதைப் பிளந்தன. மஞ்சள் சட்டைகள் வரிசையில் முண்டியடித்துத் தொள்ளாயிரம் கிராமை வாங்கிக்கொண்டு, மேலே விழுந்த ஒரு மீனுக்குப் பல்லைக் காட்டிக்கொண்டு போயின.

மினாங்கின் கடைமுன் வரிசையில் அவருக்கு முன்னால் நின்றவர் பல்மோரேஸ்.

"ஆய்வுக்கு வந்தேன்," என்றார் அதிகாரி, பையைப் பின்னால் மறைத்தபடி.

"ஆய்வு பெருசா, சின்னதா?" என்று கேட்டாள் மினாங்.

"ரெண்டு கிலோ."

எடை போட்டாள். இரண்டு மீன்கள் பறந்து அவர் பையில் விழுந்தன. "இது உனக்கு, சுக்கி!" பல்மோரேஸின் முகம் முழுவதும் சிரிப்பாயிற்று. எந்தப் பயிற்சியிலும் அவருக்கு இப்படி ஒன்று கிடைத்ததில்லை.

எலூத்தேரியோவின் முறை வந்தது.

"மினாங், ஒரு கிலோ. பழைய மாதிரியே போடு."

அவள் குனிந்து பலகைக்கு அடியிலிருந்து துணி சுற்றிய ஒன்றை எடுத்தாள். பிரித்தாள். புத்தம் புதிய தராசு. முத்திரை பளபளத்தது.

"இது உங்களுக்குன்னே தனியா வெச்சிருக்கேன், ஐயா."

"வேணாம், மினாங். அந்தப் பழைய தராசுலயே..."

"ஐயையோ, உங்களுக்குக் குறைச்சுப் போட முடியுமா? ஊரே பாக்குற மூஞ்சி!"

முள் தொள்ளாயிரத்து எண்பதில் நின்றது. ஒரு மீனை வைத்தாள், ஏறிவிட்டது. அதை எடுத்து வெட்டி வால் துண்டை வைத்தாள். இன்னும் கொஞ்சம் அதிகம். துடுப்பை நறுக்கி எடுத்தாள். ஆயிரம். பொட்டலத்தின் மேல் ரசீது ஒன்றை வைத்து நீட்டினாள்.

"தலை..." என்றார் அவர். "பெலிசாவுக்கு ஒரு தலை மட்டும்..."

"எடை முடிஞ்சுது ஐயா. அப்புறம் எறிஞ்சா சட்டப்படி தப்பு. அடுத்த ஆளு!"

நூறு கிராம் குறைவாக வாங்கியவர்கள் எல்லோரும், ஊரிலேயே முழுக் கிலோ வாங்கிய ஒரே மனிதரைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். ஒரு கிழவி சிலுவை போட்டுக்கொண்டாள்.

பல்மோரேஸுக்குத்தான் தாங்கவில்லை. அவர் நல்லவர். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எலூத்தேரியோவைத் தென்னைமரத்தடிக்கு ஒதுக்கிக்கொண்டு போனார்.

"சார், இது அநியாயம். எல்லாருக்கும் குறைச்சுக் குடுத்துட்டு உங்களுக்கு மட்டும் சரியா குடுக்குறாங்க. அப்பட்டமான பாரபட்சம். சும்மா விடாதீங்க. நாளைக்கே வந்து ஒரு மனு குடுங்க."

எலூத்தேரியோ பந்தலைத் திரும்பிப் பார்த்தார். அங்கே யாரோ ஒருவருடைய பையில் மீன் விழுந்த சத்தமும் மினாங்கின் சிரிப்பும் சேர்ந்து கேட்டன. கையிலிருந்த முழுக் கிலோவைப் பார்த்தார். தலையில்லாமல் வீட்டுக்குப் போக முடியாது.

"மூணு பிரதிதானே?" என்று கேட்டார்.