பின்சீட்டுப் பரீட்சை

இடுப்புவலி என்று ஒரு பொய் சொல்வது அவ்வளவு பெரிய குற்றமா? ஊரில் யார்தான் சொல்லவில்லை? லீவு போட ஒருத்தன் சொல்கிறான். வீடு மாற்றும்போது பீரோவைத் தூக்கச் சொன்னால் மச்சான் சொல்கிறான். அவர்களுக்கெல்லாம் ஒரு கேடும் வரவில்லை. நம்ம பல்செட்டுக்காரர் ஆயுசில் ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு அவருக்குக் கிடைத்தது இருக்கிறதே, அநியாயம்! பச்சை அநியாயம்! கேட்டுவிட்டு நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

பல்செட்டுக்காரர் என்றால் பல் டாக்டர் இல்லை. டாக்டர் அளவெடுத்து அனுப்புவார், இவர் பல் லேப் ஒன்றின் பின்கட்டில் உட்கார்ந்து ராவி, தேய்த்து, மெருகேற்றிப் பல்செட்டு செய்து கொடுப்பார். ஊரில் பாதிப் பேர் இவர் செய்த பல்லால்தான் கடிக்கிறார்கள். வீட்டில் மட்டும் இவர் வாய்க்குப் பல் கிடையாது. காரணம், மனைவி.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். முதுகு பிடித்தவன், கழுத்து திரும்பாதவன், தோள் இறங்கினவன் எல்லோரும் அவள் கைக்குத்தான் வருவார்கள். அவளுடைய கட்டைவிரல் பட்டால் கல்லும் ‘அம்மா’ என்று கத்தும். அங்கே அதட்டி அதட்டி, வீட்டிலும் அதே குரல். “நிமிர்ந்து உட்காருங்க! தோளைத் தொங்கப் போடாதீங்க!” காபி குடிக்கக்கூட அவர் நிமிர்ந்துதான் குடிக்க வேண்டும்.

பல்செட்டுக்காரர் ராஜாவாக இருந்தது ஒரே ஒரு இடத்தில். பைக்கில். கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய வண்டி. மனைவி அதற்கு வைத்த பெயர் ‘தகரம்’. தினமும் காலையில் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு போய் ஆஸ்பத்திரி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போவார். அந்தக் கொஞ்ச நேரம் ஹேண்டில் இவர் கையில், அவள் முதுகுக்குப் பின்னால். வலது பக்கம் திருப்பினால் அவளும் வலது பக்கம்தான் வர வேண்டும். உலகத்தில் வேறு எங்கே நடக்கும் இது?

“ஒரு நாளைக்கு நான் ஓட்டறேனே?” என்று அவள் எப்போதாவது கேட்பாள்.

“இந்த வண்டி கிளட்ச் ஒரு மாதிரிம்மா. என் கைக்கு மட்டும்தான் அடங்கும்.”

“ஓ” என்பாள். அந்த ‘ஓ’வுக்குள் எவ்வளவு இருந்தது என்று மனிதர் யோசித்தே பார்த்ததில்லை. இனிமேல் யோசித்து என்ன பிரயோஜனம்?

அப்படியிருக்கும்போதுதான், போகிற வழியில் சிக்னலை ஒட்டிய ஒரு ஷோரூம் கண்ணாடிக்குப் பின்னால் அந்தச் சிவப்பு வண்டி வந்து நின்றது. ஸ்போர்ட்ஸ் டூரிங் வண்டியாம். பந்தயத்தில் பறக்கவும் செய்யலாம், இரண்டு பக்கமும் பெட்டி மாட்டிக்கொண்டு மாசக்கணக்காக ஊர் சுற்றவும் செய்யலாம். சாது மாதிரி நிற்கும், உறுமினால் வயிற்றுக்குள் இறங்கும். பல்செட்டுக்காரர் அதைப் பார்த்த நாளிலிருந்து பச்சை விளக்கு விழுந்தாலும் சிக்னலை விட்டு நகரவில்லை. பின்னால் நிற்கிறவர்கள் ஹாரன் அடித்து, திட்டி, கடைசியில் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நேராகத்தான் கேட்டுப் பார்த்தார்.

“நம்ம வண்டிக்கு என்ன குறைச்சல்? ஓடுதில்ல?”

“ஓடுது...”

“அப்புறம்?”

அப்புறம் என்ன? ஒன்றுமில்லை. பேச்சு முடிந்தது. சேர்த்து வைத்த பணம் இருவர் பெயரிலும் இருந்தது. அவள் தலையாட்டாமல் ஒரு திருகாணிகூட வாங்க முடியாது.

வேலை செய்கிற இடத்தில், பல் அச்சுக்கு மாவு கரைக்கிற ‘மாவு அண்ணன்’தான் வழி சொன்னார். அந்த மனிதர் மட்டும் வாயை மூடிக்கொண்டு மாவைக் கரைத்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

“தம்பி, வண்டி வேணும்னு கேட்காதே. தகரத்தால உடம்பு கெட்டுப் போச்சுன்னு சொல்லு. அவங்களே வாங்கித் தருவாங்க.”

“அண்ணே, அவ வேலையே அதுதானே. கண்டுபிடிச்சுட மாட்டாளா?”

“பல்வலின்னு சொன்னா நீ கண்டுபிடிப்பியா? சொந்த வீட்டுல யாருக்குமே புத்தி வேலை செய்யாது தம்பி.”

இந்த வார்த்தையில் மயங்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் அவள் அறைச் சுவரில் ஒரு படம் தொங்கும். ஒரு மனிதன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பான், இடுப்பில் வலது பக்கம் சிவப்பாக ஒரு வட்டம். அதை நன்றாக மனப்பாடம் செய்துகொண்டார். அன்று சாயங்காலமே வீட்டுக்குள் வளைந்துகொண்டு நுழைந்தார்.

“என்னங்க ஆச்சு?”

“இடுப்பும்மா. வலது பக்கம். இந்தப் பாழாப்போன தகரத்துல உட்கார்ந்து உட்கார்ந்து...”

“வலி கால்ல இறங்குதா?”

“இறங்குது. சில சமயம் திரும்ப ஏறவும் செய்யுது.”

“ஏறுதா! இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கேஸ் நான் பார்த்ததே இல்ல. குப்புறப் படுங்க.”

படுத்தார். கட்டைவிரல் இறங்கியது. அவர் கத்திய கத்தலில் நடிப்பு ஒரு துளிகூடக் கிடையாது. மேல் வீட்டு டிரம்ஸ் வாத்தியார் வாசிப்பதை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார். அதற்கப்புறம் கட்டிலில் படுக்கக் கூடாது, தரையில்தான் படுக்கை என்றாள். காலையில் எழுந்ததும் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். நாற்காலியில் சாயக் கூடாது. எல்லாவற்றையும் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். சிவப்பு வண்டிக்காக ஒரு மனிதன் இவ்வளவு தவம் இருந்ததாக எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

தவம் பலித்தது. ஒரு நாள் அவளே சொன்னாள்.

“வண்டிதான் காரணம்னா மாத்திடலாங்க. ஆனா சும்மா வாயால சொல்லக் கூடாது. ரெண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்துடுவோம். அதே ரோடு, அதே வேகத்தடை. தகரம் எப்படி இருக்கு, அது எப்படி இருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்ணலாம்.”

“உனக்கு எதுக்கும்மா சிரமம்...” என்று முனகிவிட்டு நேராகக் குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தார்.

“உள்ள என்ன சத்தம்?”

“பக்கெட் விழுந்துதும்மா!”

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டாரா? பரீட்சைக்கு முந்தின நாள், அவள் வேலைக்குப் போயிருந்த நேரம், ஸ்பேனரோடு தகரத்திடம் போனார். பின் டயரில் கல்லாகும்வரை காற்றை ஏற்றினார். பின்பக்க ஸ்பிரிங்கை எவ்வளவு முறுக்க முடியுமோ அவ்வளவு முறுக்கி வைத்தார். பின்சீட்டில் கையை வைத்து அமுக்கிப் பார்த்தார். அசையவில்லை. சிமெண்ட் திண்டில் உட்காருகிற மாதிரி இருக்கும். ஒரு வேகத்தடை ஏறினால் போதும், அவளே ‘புதுசு வாங்குங்க’ என்று கெஞ்சுவாள். தகரத்தைத் தட்டிக்கொடுத்து, “மன்னிச்சுக்கடா” என்றார். உள்ளே கொஞ்சம் குறுகுறுத்தது. இருந்தாலும் சிவப்பு நிறம் கண்ணை மறைத்தது.

மறுநாள் தகரத்தை மெல்ல உருட்டிக்கொண்டு ஷோரூமுக்கு வந்து சேர்ந்தார். அவள் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிட்டாள். “நடந்தா உடம்புக்கு நல்லது” என்றாள். ஷோரூமில் டை கட்டின ஒரு விற்பனையாளர். அவர் சிரிக்கும்போது பல்செட்டுக்காரர் வழக்கம்போலப் பல்லைப் பார்த்தார். சொந்தப் பல்தான்.

“வாங்க சார், வாங்க மேடம்! டெஸ்ட் ரைடுக்கு லைசென்ஸ் ஒண்ணு காட்டினா போதும்.”

பல்செட்டுக்காரர் பின்பாக்கெட்டில் கை விட்டார். மனைவி கைப்பையில் கை விட்டாள். அவள் கைதான் முதலில் வெளியே வந்தது.

“இந்தாங்க என் லைசென்ஸ். ரெண்டு வண்டியும் நான்தான் ஓட்டறேன். அவருக்கு இடுப்பு சரியில்ல. அவர் பின்னால உட்காருவார்.”

“நீயா?” என்றார் பல்செட்டுக்காரர். அந்த லைசென்ஸை அவர் பார்த்திருக்கிறார். ஏதோ அடையாள அட்டைக்காக வைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தார். “உனக்கு பைக் ஓட்டத் தெரியுமா?”

“கல்யாணத்துக்கு முன்னால ஹாஸ்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் எங்கண்ணன் பைக்கை நானே ஓட்டிக்கிட்டுத்தானே போயிட்டு வந்தேன்.”

“சொல்லவே இல்லையே?”

“நீங்க கேட்கவே இல்லையே.”

“அந்த கிளட்ச்...”

“பார்த்துக்கறேன். ஏறுங்க. முதல்ல தகரம்.”

ஏறினார். வேறு வழி? தான் முறுக்கின ஸ்பிரிங்கின் மேல், தான் ஏற்றின காற்றின் மேல், தானே போய் உட்கார்ந்தார். கிளட்ச் இருக்கிறதே, அந்தத் துரோகி கிளட்ச், ஒரு முனகல் இல்லாமல் அவள் கைக்கு அடங்கியது.

முதல் வேகத்தடை. பல்செட்டுக்காரர் எழும்பி, காற்றில் கொஞ்சம் இருந்து, இறங்கினார். வண்டி அதற்குள் முன்னால் போயிருந்ததால் சீட்டின் நுனியில்தான் இறங்கினார்.

“ஐயோ!”

“வலிக்குதா?”

“வலிக்குதும்மா!”

“வலது பக்கமா?”

“எல்லாப் பக்கமும்!”

இரண்டாவது வேகத்தடையில் கண்ணாடி மூக்கிலிருந்து வாய்க்கு வந்தது. மூன்றாவதில் அவர் யாரையோ திட்டினார். மாவு அண்ணனாகத்தான் இருக்கும். அவள் ஒரு குழியைக்கூடத் தப்பவிடவில்லை. ரோட்டில் அப்படி எங்கெங்கே குழி இருக்கிறது என்று தினமும் பின்னால் உட்கார்ந்தே கணக்கு வைத்திருக்கிறாள்!

திரும்பி வந்தபோது அவரை இரண்டு பேர் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. டைக்காரர் தகரத்தின் பின்சீட்டை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

“ஸ்பிரிங் செத்துப்போச்சு மேடம். இறுகிக் கல்லாயிடுச்சு. இதை வெச்சிருக்கறதே ஆபத்து. உடைச்சு இரும்பாத்தான் போடணும்.”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல, நான்தான் நேத்து...” என்று ஆரம்பித்தார் பல்செட்டுக்காரர்.

“நேத்து?” என்றாள் மனைவி. முகத்தில் அப்படி ஒரு அக்கறை.

“நேத்தே... நேத்தே நினைச்சேன், உடைச்சுடலாம்னு.”

பாருங்கள், இத்தனை வருஷம் கூடவே ஓடின வண்டி. ஒரு வாய் வார்த்தையில் காப்பாற்றியிருக்கலாம். சொன்னால் ஸ்பேனர் வெளியே வரும். ஸ்பேனர் வந்தால் இடுப்பு வரும். இடுப்பு வந்தால் சிவப்பு வண்டி போகும். தகரத்தைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அடுத்தது சிவப்பு. அவள் ஹெல்மெட்டை மாட்டினாள், காலை வீசி ஏறினாள், ஸ்டார்ட் பண்ணினாள். அந்த உறுமல் அவர் வயிற்றுக்குள் இறங்கியது. அவர் கனவில் கேட்ட அதே உறுமல்தான். கனவில் மட்டும் அவர் முன்னால் இருந்தார்.

என்ன வண்டி! என்ன வண்டி! அதே வேகத்தடை, படுக்கையில் புரண்டு படுக்கிற மாதிரி ஏறி இறங்கியது. அதே குழி, குழியா அது? பின்சீட்டு மெத்தென்று இருந்தது, முதுகுக்குச் சாய்மானம் இருந்தது. பெரிய ரோட்டுக்கு வந்ததும் அவள் கொஞ்சம் முறுக்கினாள். மரமெல்லாம் பின்னால் ஓடியது. அவருக்கு ஒரே சமயத்தில் சொர்க்கமாகவும் இருந்தது, பற்றிக்கொண்டும் வந்தது. தன் காதலியைப் பக்கத்து வீட்டுக்காரன் கூட்டிக்கொண்டு போவதைப் பின்னாலேயே உட்கார்ந்து பார்த்தால் எப்படி இருக்கும்?

திரும்பி வந்து நின்றதும் டைக்காரர் குழைந்தார். “பின்சீட்டு எப்படி இருந்தது சார்?”

பல்செட்டுக்காரர் யோசித்தார். நன்றாக இல்லை என்றால் வண்டி கிடையாது. நன்றாக இருந்தது என்றால் பின்சீட்டு இவருக்கு. அவள் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, பதிலுக்காகப் பொறுமையாக நின்றாள்.

முதலில் வண்டி வீட்டுக்கு வரட்டும், ஹேண்டிலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டார்.

“பிரமாதம்” என்றார்.

“இடுப்பு?”

“தெரியவே இல்ல.”

“அப்போ இதையே எடுத்துடலாம்” என்றாள் அவள்.

வண்டி வந்தது. தகரம் போயே போய்விட்டது. தினமும் காலையில் அவள் முன்னால், இவர் பின்னால். இவரை வேலையிடத்து வாசலில் இறக்கிவிட்டு, “நிமிர்ந்து உட்கார்ந்து வேலை பாருங்க” என்று சொல்லிவிட்டு அவள் ஆஸ்பத்திரிக்குப் பறப்பாள். மாவு அண்ணன் வாசலில் நின்று கையாட்டுவார். அந்தக் கையை ஒடிக்கலாமா என்று வரும். சாவியைக் கேட்டால், “இடுப்பு சரியாகட்டும்” என்பாள். எத்தனை நாள் பொறுப்பது? மனிதன்தானே!

ஒரு காலையில் வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார். வலியில் இல்லை, கோபத்தில்.

“இன்னிக்கு நான்தான் ஓட்டறேன். சாவியைக் கொடு.”

“இடுப்பு?”

“சுத்தமா சரியாயிடுச்சு. பார்!” குனிந்து கால் கட்டைவிரலைத் தொட்டார். எழுந்து இரண்டு குதி குதித்தார். “பார்த்தியா?”

“அட!” அவள் முகம் மலர்ந்தது. “ரொம்ப சந்தோஷங்க. அப்போ இந்த வண்டி எதுக்கு? உங்க இடுப்புக்காகத்தானே வாங்கினோம். புதுசாவே இருக்கு, அந்த டைக்காரரே திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்லியிருக்கார். கொடுத்துட்டு ரெண்டு பேரும் பஸ்ல போகலாம். இப்பவே போன் போடட்டுமா?”

“இது அநியாயம்! நான் ஆசைப்பட்ட வண்டி இது!”

“ஆசைப்பட்டீங்களா? இடுப்புவலின்னுதானே சொன்னீங்க?”

பல்செட்டுக்காரர் வண்டியைப் பார்த்தார். காலை வெயிலில் அது சிவப்பாக மின்னியது. அவள் கையிலிருந்த போனைப் பார்த்தார். கட்டைவிரல் பொத்தான்மேல் தயாராக இருந்தது. அந்தக் கட்டைவிரலைப் பற்றி அவருக்குத் தெரியும்.

மெதுவாக வளைந்தார். கையை இடுப்பில் வைத்துக்கொண்டார்.

“குனிஞ்சதுல மறுபடியும் பிடிச்சுக்கிச்சும்மா.”

“அடடா. சரி, பார்த்து ஏறுங்க.”

அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். அவர் பின்னால் ஏறிச் சாய்மானத்தில் சாய்ந்தார். தெருமுனையில் சிக்னலுக்காக நிற்கும்போது அவள் திரும்பாமலே, பக்கக் கண்ணாடியில் பார்த்துச் சொன்னாள்:

“கையை அந்தப் பக்கம் மாத்தி வைங்க. உங்களுக்கு வலிக்கிறது வலது பக்கம்.”